இத்தனை கொக்கு யாருக்கு

ஜூன் 3, செவ்வாய்

காலையில் அழைப்பு மணி. கீழ்வீட்டுப் பேபியக்கா, கையில் சட்டம் போட்ட முருகன் படத்தோடு நின்றிருந்தார். கண்ணாடிக்குள் நீர் புகுந்து முருகனுக்கு ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"தெனமும் காத்தால நீங்க ரெண்டு பேரும் எங்க சாமிக்கு அபிஷேகம் பண்றீங்க கண்ணு. புண்ணியந்தான். ஆனா குளிச்ச தண்ணியிலயா பண்ணுவாங்க?"

எங்கள் குளியலறைத் தரை பழசு. தண்ணீர் சுவருக்குள் இறங்கி அவருடைய பூஜை அலமாரிக்குப் போகிறது. குணசீலன் வாயில் பற்பசை நுரையோடு கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். என் கணவர் மன்னிப்புக் கேட்கும்போது, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஏதாவது ஒரு தப்பை ஒப்புக்கொள்ளலாம் என்று தோன்றும். பேபியக்காவே, "அட, உடுங்க தம்பி, படந்தானே" என்று போய்விட்டார்.

தரையையும் சுவரையும் உடைத்துப் புதிதாக டைல்ஸ் போட வேண்டும்.

"உங்களுக்கு எந்த மாதிரி புடிக்குங்க?" என்று குணசீலன் கேட்டார்.

"உங்களுக்கு எது புடிக்குதோ அதுங்க."

"எனக்கு எதுனாலும் சரிங்க."

இருவரும் சிரித்துக்கொண்டோம். கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. இதுவரை ஒரு பேச்சு பிசகியதில்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கேயும் எழுதப் போவதில்லை. தவறிப்போய் அவர் படித்துவிட்டால் வருத்தப்படுவார். நான் எழுதும்போது அவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அப்படி ஒரு நாகரிகம்.

ஜூன் 5, வியாழன்

கீழே பேபியக்காவுக்கும் ரங்கசாமியண்ணனுக்கும் சண்டை. கறிவேப்பிலையைத் தட்டில் ஓரமாக ஒதுக்கிவைத்தது சம்பந்தமாக. குளியலறைச் சன்னலுக்கு வெளியே கழிவுக்குழாய்கள் இறங்கும் சந்து இருக்கிறது. அதன் வழியாக ஒவ்வொரு சொல்லும் மேலே வருகிறது. "முப்பது வருசமா ஒதுக்கறயே, ஒரு நாளாவது அதுல என்ன இருக்குதுன்னு பாத்திருக்கறயா?" என்று அக்கா கேட்டார். "நீ மொதல்ல அதப் போடாம இரு" என்றார் அண்ணன். பிறகு இருவரும் எதற்கோ சிரித்தார்கள்.

படித்த மனிதர்கள் இப்படி இருக்க முடியாது. வாளி நிறைந்து வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். முருகன் மன்னிக்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

டைல்ஸ் கடைக்குப் போனோம். உள்ளே வரிசையாகப் பொய்க் குளியலறைகள். குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. கண்ணாடி இருக்கிறது, அதன்முன் முகம் கழுவ யாரும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் வாழ்ந்துவிட்டு ஓடிப்போனது போல இருந்தது.

கடைப் பெண் சுறுசுறுப்பானவள். சுவரில் கீழே அடர்நிறம், மேலே வெளிர்நிறம், நடுவில் படம் போட்ட ஒரு வரிசை. அந்தப் படவரிசைக்கு ஹைலைட்டர் என்று பெயர். இதுதான் ஊர் முழுக்க நடக்கும் முறையாம். "ஹைலைட்டர மட்டும் நீங்க சொல்லிட்டீங்கன்னா டார்க்கு, லைட்டு நாங்களே குடுத்துருவோங்க்கா" என்றாள். கூழாங்கல், மூங்கில், காபிக் கோப்பை, துள்ளும் டால்பின் எல்லாம் காட்டினாள். நனையாத வால்பேப்பரில் ஒரு அருவியே இருந்தது. குளிக்கும் இடத்தில் காபிக் கோப்பைக்கு என்ன வேலை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இவருக்குப் பிடித்திருந்தால்?

ஒவ்வொன்றின் முன்னும் இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன், கடைப் பெண் எங்கள் இருவரையும் பார்த்தாள். இப்படியே மூன்று மாடி ஏறினோம்.

கடைசி மாடியில்தான் அது நடந்தது. திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். பின்னால் ஒரு சுவரின் முன் அசையாமல் நின்றிருந்தார். கிளிப்பச்சைத் தரை, ஊதாத் தாமரை, நடுவில் ஒற்றைக்காலில் நிற்கும் ரோஸ் நிறப் பறவைகள். கண் இமைக்கவில்லை. அப்படியொரு ஏக்கத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"சார் கொக்குகிட்டயே நின்னுட்டாருங்க்கா" என்று கடைப் பெண் கிசுகிசுத்தாள்.

அது கொக்கு இல்லை, பூநாரை. குஜராத்தின் கட்ச் உப்புநிலத்தில் கூட்டங்கூட்டமாக முட்டையிடும் பறவை. அதை அந்த நேரத்தில் சொல்வது அழகில்லை. பக்கத்தில் போய், "நல்லா இருக்கே" என்றேன்.

தூக்கத்திலிருந்து விழித்தவர்போல என்னைப் பார்த்தார், பிறகு பறவைகளைப் பார்த்தார். "உங்களுக்குப் புடிச்சிருக்குங்களா?"

"உங்களுக்குப் புடிச்சா எனக்கும் புடிச்ச மாதிரிதாங்க."

"அப்ப இதையே போட்டுரலாங்க" என்றார், மென்று விழுங்கி. அவ்வளவு சந்தோஷம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பம்புக் கம்பெனியில் உற்பத்திப் பிரிவைப் பார்க்கும் ஒரு மனிதர், சாம்பல் நிறச் சட்டைகள் மட்டுமே அணிபவர், உள்ளுக்குள் கிளிப்பச்சையும் ஊதாவும் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்திருக்கிறார். ஒருவரைப் புரிந்துகொள்வது சாமானியக் காரியமில்லை. நான் புரிந்துகொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

டைல்ஸ் குஜராத்தில் மோர்பி என்ற ஊரிலிருந்து லாரியில் வர வேண்டுமாம்.

ஜூன் 12, வியாழன்

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அகமதாபாத்ல புது யூனிட் ஆரம்பிக்கறாங்க. ரெண்டு வருசத்துக்கு என்னைப் போகச் சொல்றாங்க. போன ஞாயித்துக்கெழமை காத்தாலதான் துரைராஜ் சார் போன் பண்ணுனார். ஜூலையில கெளம்பணும்."

துரைராஜ் சார் இவருடைய மேலாளர்.

"அப்படிங்களா" என்றேன்.

"அங்க பேச்சிலர் குவார்ட்டர்ஸ்தான் தர்றாங்க. உங்களுக்கு இங்க காலேஜ் லைப்ரரி வேலை இப்பத்தான் நிரந்தரமாச்சு. அதை உடச் சொல்ல எனக்கு உரிமை இல்லீங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அப்படி."

"நல்ல வாய்ப்புங்க. போயிட்டு வாங்க. என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க."

ஒரு வினாடி என்னைப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

ஒருவரின் முன்னேற்றத்துக்கு இன்னொருவர் தடையாக இருக்கக் கூடாது. இதைப் பல பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் யாராவது கல்யாணமான ஐந்தாம் மாதத்தில் எழுதினார்களா என்பது தெரியவில்லை.

அங்கே இப்போது நாற்பத்தொரு டிகிரி வெயில். சும்மா பார்த்தேன்.

ஜூன் 14, சனி

பழைய டைல்ஸை உடைத்தார்கள். ஆரோக்கியசாமி மேஸ்திரி நிதானமானவர். ஒவ்வொரு அடிக்கும் முன் "ஏசுவே" என்கிறார். வீடெல்லாம் வெள்ளைத் தூசி. அலமாரியில் இருந்த புத்தகங்கள் ஒரே நாளில் நரைத்துவிட்டன.

எங்களுக்கு இருப்பது ஒரே குளியலறை என்பதால் பேபியக்கா வீட்டில்தான் குளிக்கிறோம். வாளி, துண்டு, சோப்போடு இருவரும் கீழே இறங்கிப் போனால், வாசலில் நின்று, "நீங்க மொதல்ல குளிங்க", "இல்லீங்க, நீங்க" என்று நேரம் போகிறது. இன்று ரங்கசாமியண்ணன் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, "ரெண்டு பேரும் நில்லுங்க. மொதல்ல நான் குளிச்சுக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

பேபியக்கா காபி கொடுத்தபடி என்னைக் கேட்டார்: "ஏங்கண்ணு, நீங்க சண்டையே போடமாட்டீங்களாக்கும்? மேல இருந்து ஒரு சத்தமும் வராது. டி.வி.யாவது வெச்சுக்கலாமல்ல?"

"எங்களுக்குள்ள கருத்து வேறுபாடே இல்லீங்க்கா."

"அட பாவமே" என்றார். எதற்குப் பாவம் என்று தெரியவில்லை. இவர் குஜராத் போவதைச் சொன்னேன். "நீ என்ன சொன்னே?" என்றார். சொன்னேன். பாதிக் காபி மிச்சமிருந்த என் தம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்

நூலகத்திலிருந்து குஜராத் பற்றிய பயண நூல் ஒன்று எடுத்துவந்தேன். பொது அறிவுக்காக.

ஜூன் 18, புதன்

டைல்ஸ் வந்து இறங்கியது. பெட்டி பெட்டியாகக் குஜராத். அங்கிருந்து பறவை இங்கே வருகிறது, இங்கிருந்து இவர் அங்கே போகிறார். இறக்கிவிட்டு லாரி காலியாகத்தானே திரும்பும் என்று ஒரு எண்ணம் வந்தது. எதற்கு வந்தது என்று தெரியவில்லை.

மதியம் இவர் இல்லாத நேரத்தில் மேஸ்திரியிடம் தனியாகப் பேசினேன். படம் ஒரே வரிசைதான் வரும் என்றார். இன்னும் ஆறு வாரத்தில் வீட்டை விட்டுப் போகிறவர். குளிக்கும்போதாவது மனசுக்குப் பிடித்ததைப் பார்க்கட்டும். கடைக்குப் போன் செய்து, அதே லாரியில் அவர்களுக்கு வந்திருந்த பெட்டிகளில் கூடுதலாகச் சொல்லிவிட்டு, "எதிர்ச் சுவர்லயும் கொக்கு போட்டுருங்க. கதவுக்குப் பின்னாடியும். அவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றேன்.

மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சொல்லக் கூடாதுங்களா?"

"கூடாதுங்க."

"ஏசுவே" என்றார். கையில் சுத்தியல் இல்லாமலே.

ஜூன் 20, வெள்ளி

இவர் சம்மதம் சொல்லிவிட்டாராம். வாழ்த்துச் சொன்னேன். பாயசம் வைத்தேன். அடிபிடித்துவிட்டது. "பிரமாதங்க" என்று இரண்டு தம்ளர் குடித்தார்.

அம்மா போனில், "அப்ப ஆடிக்கு உன்னைக் கூட்டிட்டு வந்தா ரெண்டு வருசம் இங்கயே இருந்துக்கலாமே" என்றாள், ஏதோ பரிசு விழுந்த குரலில். புது மருமகளை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பார்கள், ஆவணியில் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பினாலும் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

எனக்கொன்றும் இல்லை. தூசிக்குக் கண் எரிகிறது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

வேலை முடிந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று மேஸ்திரி கூப்பிட்டார். இருவரும் போனோம். "நீங்க மொதல்ல பாருங்க" என்றார் இவர். கதவைத் திறந்தேன்.

கொக்கு. எதிரில் கொக்கு. கதவுக்குப் பின்னால் கொக்கு. நான் சொன்ன இடங்கள் சரிதான். ஆனால் வலதுபுறமும் கொக்கு, வாஷ்பேசினுக்குக் கீழே கொக்கு, குந்துகிற இடத்துக்கு நேர் பின்னால் கழுத்தை வளைத்து எட்டிப் பார்க்கிற கொக்கு. சன்னல் வெட்டிய இடத்தில் ஒரு கொக்குக்குத் தலை மட்டும் இருந்தது, இன்னொன்றுக்குக் கால் மட்டும். கிளிப்பச்சை வெளிச்சத்தில் குணசீலன் பச்சையாக நின்றார். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார் இவர்.

மேஸ்திரி கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தவர் தாங்கமுடியாமல் பேசிவிட்டார். "இல்லீங்க, தெரியாமத்தான் கேக்கறேன். இத்தனை கொக்கு யாருக்குங்க? அம்மா வந்து ரெண்டு செவுத்துக்குச் சொல்றாங்க, சார்கிட்டச் சொல்லாதீங்கன்னாங்க. மக்யா நாள் சார் வந்து மீதி செவுத்துக்கெல்லாஞ் சொல்றாரு, அம்மாகிட்டச் சொல்லாதீங்கன்னாரு. அப்ப நான் யாருகிட்டத்தான் சொல்றதுங்க? மாதாகிட்டச் சொல்லி அழுதேன்."

சொல்லிவிட்டு, கூலியைப் பிறகு வாங்கிக்கொள்வதாகப் படியிறங்கிவிட்டார்.

நாங்கள் இருவரும் கொக்குகளோடு நின்றோம்.

"நீங்க எதுக்குங்க சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்குப் புடிக்குமேன்னுதான். நான் போனதுக்கப்புறம் நீங்க தனியா இருப்பீங்களேன்னு... நீங்க எதுக்கு?"

"உங்களுக்காகத்தான்!"

"எனக்கா? எனக்குப் பச்சையே ஆகாதுங்க!"

"கடையில அந்தக் கொக்கையே பாத்துட்டு நின்னீங்களே! கண்ணு கூட இமைக்காம!"

"கொக்கை யாருங்க பாத்தா? அன்னிக்குக் காத்தாலதான் துரைராஜ் சார் போன் பண்ணிச் சொல்லியிருந்தார். நான் அகமதாபாத்தைப் பாத்துட்டு நின்னேன்!"

இவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சுவரெல்லாம் டைல்ஸ் என்பதால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டது.

"போகணும்னு அவ்வளவு ஆசை. கொக்கு கூடக் கண்ணுக்குத் தெரியல" என்றேன்.

"ஆசையா? யாருக்கு ஆசை? நீதான போயிட்டு வாங்கன்ன! ஒரு நிமிசம் கூட யோசிக்கல. சோத்தப் பெசஞ்சுட்டே சொன்ன!"

"நீங்க கேட்ட லட்சணத்துக்கு வேற என்னத்தச் சொல்றது? 'உரிமை இல்லீங்க'ன்னு கோர்ட்டுல பேசற மாதிரிப் பேசுனா?"

"நீ போகவேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுவன்னு ஒரு வாரம் இருந்து பாத்தேன். பாயசம் வெக்கற! அதுவும் தீஞ்ச பாயசம்!"

"பிரமாதம்னீங்க!"

"வேற என்ன சொல்றது, தீஞ்சு போச்சுன்னா?"

இதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத விரும்பவில்லை. அதில் "யோவ்" என்ற சொல் இருந்தது. அதன்பிறகு எனக்கு நீலம் பிடிக்கும், ஒரு படமும் இல்லாத வெறும் நீலம் என்றும், இவருக்கு வெள்ளை என்றும், இரண்டுமே அந்தக் கடையின் முதல் மாடியிலேயே இருந்தன என்றும் தெரியவந்தது. யார் முதலில் மாடி ஏறியது என்பதற்கும் சண்டை. பிறகு நான் அழுதேன். தூசி கழுவியாகிவிட்டது, அதனால் வேறு காரணம் சொல்வதற்கில்லை. போகாதீங்க என்று சொன்னேன். ஒருமுறைதான் சொன்னேன், டைல்ஸ் இன்னொருமுறை சொன்னது.

இவர் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் சரின்னு சொல்லிட்டேனே" என்றார்.

குழாய்ச் சந்து வழியாகப் பேபியக்காவின் குரல் மேலே வந்தது: "ஏனுங்க, கேட்டீங்களா? மேல குடித்தனம் ஆரம்பிச்சுட்டாங்க!"

ஜூன் 23, திங்கள்

நாளை துரைராஜ் சாரைப் பார்த்து முடியாது என்று சொல்ல வேண்டும். இவரால் யாரிடமும் முடியாது என்று சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்தே அப்படியாம். பள்ளியில் யாரோ தவறுதலாக வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு ஒரு வருடம் முழுக்க அந்தப் பெயரிலேயே இருந்திருக்கிறார்.

ஒத்திகை பார்த்தோம். சத்தம் எடுப்பாக இருக்கும் என்பதால் குளியலறையில். நான் துரைராஜ் சார்.

"சொல்லுங்க குணசீலன்."

"சார், என்னால போக முடியாதுங்க சார். அதாவது, உங்களுக்கு ஒண்ணுஞ் சிரமமில்லீன்னா."

"அதாவது வேண்டாம். மறுபடியும்."

"சார், என்னால போக முடியாதுங்க சார்."

"என்ன குணசீலன், உங்களை நம்பித்தான யூனிட்டே ஆரம்பிக்கறோம்?"

"அப்படிங்களா சார்? அப்பச் சரிங்க சார்."

துண்டால் அடித்தேன். மேலாளர் அடிக்க மாட்டார் என்று ஆட்சேபித்தார். கடைசியில் இவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிற்கவைத்து, ஒவ்வொரு கொக்கிடமும் முடியாது என்று சொல்லச் சொன்னேன். தலையில்லாத கொக்கிடம்தான் முதலில் சரியாக வந்தது. கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

இவர் மறுபடியும் "சரிங்க சார்" என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு யோசனை ஓடுகிறது. சம்பளமில்லாத விடுப்பு எவ்வளவு நாள் தருவார்கள் என்று கேட்டுவைக்க வேண்டும். பேச்சிலர் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டால் யார் என்ன சொல்லிவிட முடியும்?

ஜூன் 24, செவ்வாய்

நூலகத்தில் இன்று மூன்று பேருக்குத் தவறான புத்தகம் கொடுத்தேன்.

மாலையில் இவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். தண்ணீர் குடித்தார். நான் கேட்கவில்லை. பிறகு, கேட்காமல் இருக்கும் பழக்கத்தை ஞாயிற்றுக்கிழமையோடு விட்டுவிட்டது நினைவுக்கு வந்து, "என்னாச்சு, சொல்லித் தொலைங்க" என்றேன்.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"முடியாதுன்னு. கண்ணைப் பாத்தே சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'அப்பாடா'ன்னார்."

புரியவில்லை. இவருக்கும் அப்போது புரியவில்லையாம். துரைராஜ் சார் எழுந்துவந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். வினோத் என்று ஒருவர் இருக்கிறார், பல மாதமாக அகமதாபாத் போகத் துடிக்கிறார். அவரைத்தான் அனுப்ப நினைத்திருக்கிறார்கள். ஆனால் குணசீலன் மூத்தவர், முதலில் அவரைக் கேட்காவிட்டால் மனசு கஷ்டப்படுமே என்று ஒரு மரியாதைக்குக் கேட்டிருக்கிறார். "எப்படியும் நீங்க வேண்டாம்னுதான் சொல்லுவீங்கன்னு கேட்டேன் குணா. நீங்க சரின்னுட்டீங்க. அப்புறம் நான் எப்படி உங்க ஆசையில மண்ணைப் போடறது?" என்றாராம். பாவம், அவருக்கும் நாலு நாளாகத் தூக்கமில்லையாம்.

நான் சுவரில் சாய்ந்து சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. இவர் முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்தார். மேலாளரின் வீட்டுக் குளியலறை எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

ஜூன் 28, சனி

டைல்ஸை மாற்றப் போவதில்லை என்று முடிவாயிற்று. அதற்கு எட்டுத் தெருவுக்குக் கேட்கும்படி பேசினோம். மறுபடியும் உடைத்தால் மறுபடியும் வாளியோடு கீழே இறங்க வேண்டும். எனக்கு அவற்றைப் பார்த்துப் பழகிவிட்டது. இவருக்கு இல்லை. கண்ணை மூடிக் குளிக்கிறார்.

மீதியிருப்பது கதவு மட்டும். மேஸ்திரி வண்ணக் கடையின் அட்டையோடு வந்து, எங்கள் இருவரையும் எதிரெதிரே நிற்கவைத்தார். "இந்தத் தடவை ரெண்டு பேரும் எம் முன்னாடியே சொல்லீருங்க. என்ன கலருங்க?"

"நீலம்" என்றேன் நான்.

"வெள்ளை" என்றார் இவர், அதே நேரத்தில். "உள்ள இத்தனை கலரு கெடக்குது. கதவாவது கண்ணுக்கு ஓய்வா இருக்கட்டும்."

"வெள்ளைக் கதவுல கைபட்ட அழுக்கை யாரு தொடைக்கறது?"

"நான் தொடைக்கறேன்."

"நீங்களா? நீங்க தொடைச்ச அடுப்பை நான் பாத்தேன்."

"அடுப்புக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம்?"

மேஸ்திரி அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். அவர் குடித்து முடித்து, வெற்றிலை போட்டு, பேபியக்காவோடு ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பி வந்தபோதும் எங்களுக்கு முடியவில்லை. கதவுக்கு இன்னும் வண்ணம் இல்லை. நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கிறது. மிளகு போட்டுப் பால் காய்ச்சி, இவருக்கும் ஒரு தம்ளர் வைத்துவிட்டு, மீதியைப் பேசப் போகிறேன்.